காலையில் மட்டும் நன்றாக இருந்த லைன்

எங்கள் தொலைபேசி நிறுவன ஓய்வுபெற்றோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்: வீட்டு இணையத்தின் வேகம் குறைவதற்குப் பத்துக் காரணங்கள். மலர்க்குழுச் செயலாளர் ஏணி பிடித்தவர் அல்ல. பணியாளர் பிரிவில் ஏர்கானுக்குக் கீழே உட்கார்ந்து, எங்கள் விடுப்புக் கடிதங்களில் எழுத்துப் பிழை கண்டுபிடித்தே பதவி உயர்வு வாங்கியவர்.

“அண்ணே, ஜனங்களுக்கு உபயோகமா இருக்கணும். குறை சொல்ற மாதிரி வேணாம் லா. பாசிட்டிவா எழுதுங்க” என்றார் தொலைபேசியில்.

பத்துக் காரணங்களை எழுத எனக்குப் பத்து நிமிடம் போதும். நிறுவனத்தின் புதிய செயலியே அதைச் செய்கிறது. லைன் மெதுவாக இருக்கிறது என்று தட்டினால், ‘மோடத்தை அணைத்து முப்பது விநாடி கழித்துப் போடவும்’ என்று பதில் வருகிறது. மறுபடியும் தட்டினால் மறுபடியும் அதே முப்பது விநாடி. அதில் சில சமயம் மோடம் சரியாகும். பெரும்பாலும் வாடிக்கையாளருக்குக் கை வலித்து, கோபம் கொஞ்சம் தணியும். இந்த வேலைக்குத்தான் எங்களுக்கு வேன் கொடுத்து, சீருடை கொடுத்து, சம்பளமும் கொடுத்து வைத்திருந்தார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நான் ஜொகூரில், ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளியில் படிவம் ஐந்தை ஒருவாறு தாண்டி, குளுவாங் அலுவலகத்தில் லைன்மேனாகச் சேர்ந்தேன். பயிற்சியில் செம்புக் கம்பி முறுக்கக் கற்றுக் கொடுத்தார்கள். குளவி கலைந்தால் ஏணியிலிருந்து எப்படி இறங்குவது என்பதை நாங்களாகவே கற்றுக்கொண்டோம். பிறகு செம்பு போய்க் கண்ணாடி இழை வந்தது. இரண்டு வாரம் ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் உட்கார வைத்துப் படம் காட்டினார்கள், மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது, சான்றிதழும் கொடுத்தார்கள். அன்றோடு நான் ஒளியியல் நிபுணன் ஆகிவிட்டேன்.

கேட்டதற்கு மரியாதையாகச் சில காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

காஹாங்கில் ஓர் அக்கா. மோடத்தின் மேல் பல்லி எச்சமிடுகிறது என்று அதைப் பெரிய பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடி, மூச்சுவிட ஆணியால் நாலு ஓட்டை போட்டிருந்தார். படுக்கையறையில் இணையமே வரவில்லை என்பது புகார். தகரத்துக்குள் அடைத்தால் வைஃபை வெளியே வராது என்று பொறுமையாக விளக்கினேன். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்படின்னா ஓட்டைய இன்னும் கொஞ்சம் பெருசா போடணுமா தம்பி?” என்றார்.

ஜொகூர் பாருவில் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர். இருப்பதிலேயே வேகமான திட்டத்துக்குப் பணம் கட்டியிருந்தார். மோடம் கீழே சாமான் அறையில். அவர் சோதித்துப் பார்த்ததோ மாடிக் குளியலறையில், பழைய கைப்பேசியில். நடுவில் மூன்று கான்கிரீட் சுவர். அமைச்சரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். தயவுசெய்து முதலில் கீழே வாருங்கள் என்றேன். மோடத்துக்குப் பக்கத்தில் நின்றதும் எண் எகிறியது. “அப்ப நான் ஸ்டோர் ரூம்லதான் உக்காரணுமா?” என்று கேட்டார். மாடிக்குக் கம்பி இழுக்கலாம் டத்தோ, சுவரில் ஒரு துளை போட வேண்டும் என்றேன். பளிங்குச் சுவரில் கை வைத்தால் கையை உடைப்பேன் என்றார். இன்றைக்கும் அந்த வீட்டில் வேகம் சாமான் அறையில்தான் இருக்கிறது.

நம்மவர் வீடுகளைச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். நம் வீடுகளில் மோடத்துக்கு இடம் சாமி மேடை. வண்ண விளக்குக்காக அங்கே ஏற்கெனவே ஒரு பிளக் இருக்கும், அதனால்தான். முன்னால் எவர்சில்வர் குடம், பக்கத்தில் பித்தளை விளக்கு, பின்னால் கண்ணாடி போட்ட படங்கள். இத்தனைக்கும் நடுவில் சாம்பிராணிப் புகையைக் குடித்துக்கொண்டு மோடம் கிடக்கும். அதைக் கொஞ்சம் வெளியே எடுங்கள் என்றால் வீட்டம்மா என்னை நாத்திகனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். போதாததற்கு ஒரு லைனில் பதினோரு பேர். மேல்வீட்டு வாடகைக்காரருக்கும் கடவுச்சொல் கொடுத்திருப்பார்கள். மாலை ஏழு மணிக்கு ஆளுக்கொரு படம் ஓடும். பக்கத்து வீடுகளின் வைஃபையும் அதே அலைவரிசையில் கத்தும். பிறகு என்னைக் கூப்பிட்டு, “லைன் ஸ்லோ” என்பார்கள்.

இத்தனை வருடத்தில் நான் தேர்ந்த வித்தை ஒன்று உண்டென்றால் அது இதுதான்: எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இரண்டே நிமிடத்தில் வாடிக்கையாளர் செய்த தவறு ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவேன். தேடிக் கிடைக்காமல் போனதே இல்லை. அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர்.

அலுவலகம் என்றால் கனகரத்தினம் சாரைச் சொல்ல வேண்டும். எங்கள் மேற்பார்வையாளர். சிலோன்காரக் குடும்பம்; தாத்தா ரயில்வேயில், அப்பா அஞ்சல் இலாகாவில், இவர் எங்கள் தலையில். என்னைவிட இரண்டு வயது இளையவர், ஆனால் பிறக்கும்போதே மூத்தவராகப் பிறந்தவர். சட்டைப் பையில் மூன்று பேனா. மேசையில் ஒரு தாள் கோணலாக இருந்தால் அதை நேராக்கிவிட்டுத்தான் வணக்கத்தையே வாங்கிக்கொள்வார். யாரையும் அதட்டியதில்லை. தாத்தா காலத்து யாழ்ப்பாணத் தமிழில் மெதுவாக ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான்.

“மணியம், நீர் பார்த்தனீரோ, நினைச்சனீரோ?”

கம்பி அறுந்திருக்கிறது சார் என்போம். பார்த்தனீரோ, நினைச்சனீரோ? மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும் சார் என்போம். பார்த்தனீரோ, நினைச்சனீரோ? இந்தக் கேள்விக்குப் பயந்தே ஒருவன் இடமாற்றம் கேட்டுப் போனான். நாங்கள் முதுகுக்குப் பின்னால் அவர் மாதிரிப் பேசிக் காட்டிச் சிரிப்போம். அவர் மனைவி சமைத்ததை அவர் சாப்பிடுவாரா, சாப்பிட்டதாக நினைப்பாரா என்று கேண்டீனில் ஒரு விவாதமே நடந்தது.

அவர் விடாப்பிடியாக நின்றது ஒரு விஷயத்தில். கண்ணாடி இழை என்பது தலைமுடி அளவு. அதன் நடுவில் ஒளி போகும் வழி அதைவிடவும் மெல்லியது. சுவரில் இருக்கும் சின்னப் பெட்டியிலிருந்து மோடத்துக்கு ஒன்றரை மீட்டரில் ஒரு மஞ்சள் கம்பி போகும். அதன் நுனியை நாங்கள் மூக்கு என்போம். மூக்கில் ஒரு தூசி உட்கார்ந்தால் ஒளி மங்கும். ஆகவே முறை இது: மூக்கின் மூடியைக் கழற்று. பேனா அளவில் ஒரு நுண்ணோக்கி கொடுத்திருக்கிறார்கள், ஸ்கோப் என்போம், அதில் வைத்துப் பார். கிளீனரை மூக்கில் மாட்டி ஒரு தடவை அமுக்கு, கிளிக் என்று சத்தம் வரும், துடைத்தாயிற்று. மறுபடியும் ஸ்கோப்பில் பார். அதற்குப் பிறகு செருகு. செருகிய பிறகு எவ்வளவு ஒளி வருகிறது என்று அள. மைனஸ் இருபது என்றால் திருப்தி. எண் கீழே போகப் போக ஒளி குறைவு என்று அர்த்தம். மைனஸ் இருபத்தேழைத் தாண்டினால் லைன் திணறும், அறுந்து அறுந்து வரும். படிவத்தில் இதற்கெல்லாம் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் டிக் போட வேண்டும்.

முதல் வருடம் நான் ஸ்கோப்பில் பார்த்தேன். இரண்டாம் வருடம் சில சமயம் பார்த்தேன். அதன் பிறகு டிக் மட்டும் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டே செருகுவேன், ஒரு நாளைக்கு ஆறு வீடு முடிப்பேன். ஆறு வீடு முடித்ததால் ஒரு வருடம் முன்மாதிரி ஊழியர் விருது கொடுத்தார்கள். கனகரத்தினம் சார்தான் மாலை போட்டார்.

ஓய்வுக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது ரோகிணியின் லைன் வந்தது. ரெங்கத்தில் பட்டணத்து ஓரமாக ஒரு பழைய வரிசை வீடு. புது லைன் போட்டவன் நான்தான். ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, புகார் வந்துவிட்டது: மத்தியானத்தில் லைன் அறுந்து அறுந்து வருகிறது.

ரோகிணிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அம்மா இல்லை. கழிவறைக்குப் போக வேண்டும் என்றாலும் அப்பாவுக்கு ஒரு தோள் வேண்டும். ரோகிணி முன்பு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். கால் போன பிறகு அதை விட்டுவிட்டு, சிங்கப்பூர்க் காப்புறுதிக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வாடிக்கையாளர் அழைப்புகளைக் கவனிக்கும் வேலையைப் பிடித்திருந்தாள். மதியம் ஒரு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை. தகுதிகாண் காலம் இரண்டு மாதம். பேச்சு நடுவில் அறுந்தால் கணினி அதை எண்ணும். எண்ணிக்கை கூடினால் நிரந்தரமாக்க மாட்டார்கள், அனுப்பிவிடுவார்கள். புகாருக்கு நான் போன முதல் நாளே இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னாள். நானும் தலையாட்டிக்கொண்டே மோடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.

சாமி மேடையில்தான். எனக்கு வேலை மிச்சம்.

“இங்க வச்சா எப்படிம்மா வேகம் வரும்? குடம், விளக்கு, கண்ணாடி…”

“நான் வைஃபைல இல்ல அங்கிள். கேபிள் போட்டுத்தான் வேலை செய்யறேன், பாருங்க.”

உண்மைதான், மேசை வரை கேபிள் இழுத்து வைத்திருந்தாள். இருந்தாலும் மோடத்தை எடுத்து அலமாரி மேல் வைத்தேன். வேகச் சோதனை போட்டேன், முழு வேகம். ஒளியை அளந்தேன், மைனஸ் இருபத்தாறு புள்ளி எட்டு. இருபத்தேழுக்கு உள்ளே இருக்கிறது, பாஸ் என்று எழுதினேன். புதுசாகப் போட்ட லைனில் அந்த எண்ணைப் பார்த்த எந்த லைன்மேனுக்கும் உறுத்த வேண்டும். எனக்கு உறுத்தவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு, காரணம் என்ற கட்டத்தில் ‘வாடிக்கையாளர் பக்கம்’ என்று குறித்தேன்.

நாலு நாளில் மறுபடியும் புகார். போனேன். இந்தத் தடவை வரவேற்பறையில் மீன் தொட்டி கண்ணில் பட்டது. தண்ணீர் வைஃபை அலையைக் குடிக்கும் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அவள் அப்பா கட்டிலில் இருந்தபடி, “தம்பி, அது பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடி இருந்தே காலி தொட்டிங்க. தண்ணியே இல்ல” என்றார். எட்டிப் பார்த்தேன். உள்ளே பழைய செய்தித்தாள் அடுக்கி இருந்தது. சோதனை போட்டேன், பாஸ். வாடிக்கையாளர் பக்கம்.

மூன்றாவது தடவை போனபோது ரோகிணி வாசலிலேயே நின்றாள். “அங்கிள், நீங்க மூணு தடவையும் காலைல ஒம்போது மணிக்கு வர்றீங்க. காலைல நல்லாத்தான் இருக்கு. மூணு மணிக்கு வந்து பாருங்களேன். ஒரே ஒரு தடவை. ப்ளீஸ் அங்கிள்.”

எங்கள் வேலை முறை ஒன்று உண்டு. ரெங்கம் தூரம், அதனால் ரெங்கம் காலை வேலை. மதியத்துக்கு மேல் குளுவாங் டவுனைச் சுற்றி. அங்கேதான் நல்ல தேத்தண்ணீர்க் கடை இருக்கிறது. இதை எவரும் தாளில் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாச் சட்டத்தையும்விட இறுக்கமாகக் கடைப்பிடித்தோம். பார்க்கலாம்மா என்றேன். பக்கத்து வீட்டு வைஃபை இடிக்கிறது என்று கதை விட்டு அலைவரிசையை மாற்றினேன். கேபிளில் வேலை செய்கிற பெண்ணுக்கு வைஃபை அலைவரிசையை மாற்றிக் கொடுத்தவன் இந்த ஜொகூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கையெழுத்துப் போடும்போது அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று மாலை கனகரத்தினம் சார் தாளை நேராக்கிக்கொண்டே கேட்டார்.

“ஒரே வீடு, மூண்டு தரம். பிழை எங்க மணியம்?”

“வாடிக்கையாளர் பக்கம் சார்.”

“பார்த்தனீரோ, நினைச்சனீரோ?”

“அவங்க வீட்டுல சார்…”

“மூக்கைப் பார்த்தனீரோ?”

பதிலுக்குக் காத்திருக்காமலே “மத்தியானம் போய்ப் பாரும்” என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவருக்கு என்ன, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மத்தியானம் போ, மழையில் போ என்பார். ஐயோ, அலமாக், ஓய்வுபெறும் நேரத்திலா என்று முணுமுணுத்துக்கொண்டே மறுநாள், அது ஒரு வியாழன், இரண்டரை மணிக்கு வேனை எடுத்தேன்.

சுவர்ப்பெட்டி மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் இருந்தது, அங்கிருந்து மஞ்சள் கம்பி ஒரு துளை வழியே உள்ளே மோடத்துக்குப் போனது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான். ஏணி வைக்க வசதி. மூன்று மணி வெயில் அந்தச் சுவரில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. பெட்டி தொட்டால் சுட்டது. ஒளியை அளந்தேன். மைனஸ் இருபத்தெட்டு. ஏற்கெனவே விளிம்பில் நின்ற லைன், சூடு ஏறியதும் அந்தப் பக்கம் விழுந்துவிடுகிறது. உள்ளே ரோகிணி காதில் கருவியை மாட்டிக்கொண்டு, “ஹலோ, ஆர் யூ தேர் மேடம்? ஹலோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு அறுந்துவிட்டது. கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

மஞ்சள் கம்பியைக் கழற்றி, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். நடுவில் கரும்புள்ளியாகத் தெரிய வேண்டிய இடத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொடி அப்பிக் கிடந்தது. சுவர்ப்பூச்சுத் தூசியோ என்று யோசித்தேன். ரோகிணி என் தோளுக்குப் பின்னாலிருந்து மூக்கின் பக்கவாட்டைச் சுட்டிக் காட்டினாள்.

“அங்கிள், அது குங்குமம் மாதிரி இருக்கே?”

சிவப்பாக ஒரு பொட்டு. அதற்குக் கீழே காய்ந்த சந்தனம்.

அதை வைத்தவன் யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு எங்கள் ஸ்டோரில் கருவிகளை அடுக்கிப் படைப்போம். ஏணி, வேன், இழை ஒட்டும் இயந்திரம், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், விபூதி. சீனர், மலாய்க்காரர் எல்லாரும் சுண்டலுக்கும் கேசரிக்கும் வந்துவிடுவார்கள். மூத்தவன் என்ற முறையில் பூஜை என் பொறுப்பு. அந்த வருடம் புதிதாக வந்த மஞ்சள் கம்பிக் கட்டு ஒன்றையும் தட்டில் வைத்தேன். வைத்ததோடு விட்டேனா? மூடி போட்டு வைத்தால் சாமிக்கு எப்படித் தெரியும் என்று ஒவ்வொரு மூக்கின் மூடியையும் நானே கழற்றினேன். கற்பூரம் காட்டி, கை நிறைய விபூதியை எடுத்து மேலே தூவினேன். அப்புறம் மூடிகளைப் பத்திரமாகப் போட்டு மூடினேன். உள்ளே தூசி போய்விடக் கூடாதே.

அந்தக் கட்டிலிருந்துதான் ரோகிணிக்குக் கம்பி போட்டது. படிவத்தில் ‘ஸ்கோப்பில் பார்த்தேன், சுத்தம்’ என்ற கட்டத்தில் என் டிக் இருக்கிறது.

கிளீனரை மாட்டி அமுக்கினேன். கிளிக். மறுபடியும் பார்த்தேன், மறுபடியும் கிளிக். மறுமுனையிலும் அப்படியே. செருகினேன். மைனஸ் பத்தொன்பது. வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது, எண் நகரவில்லை. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்.

“இவ்வளவுதானா அங்கிள்?” என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்வதுபோல் திரும்பிக்கொண்டேன். ஆனாலும் வாய் சும்மா இருந்ததா? “சில சமயம் உள்ள தூசி போயிரும்மா” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட அவளுக்கு நேரமில்லை. “அங்கிள், திங்கக்கிழம மத்தியானம் எனக்கு கடைசி ரிவியூ. லைன்தான் காரணம்னு நான் சொல்றத நம்ப மாட்டேங்கறாங்க. உங்க கம்பெனி மூணு தடவை வந்து வாடிக்கையாளர் பக்கம்தான் பிரச்சனைன்னு எழுதியிருக்கு, அதான் அவங்க கையில இருக்கு. தப்பு லைன்லதான் இருந்துச்சு, இப்ப சரி பண்ணியாச்சுன்னு ஒரு லெட்டர் குடுங்க அங்கிள். அது போதும். அப்பாவ விட்டுட்டு நான் எங்கயும் போக முடியாது.”

“கண்டிப்பா தரேன்” என்றேன். அந்த நேரத்தில் மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் காலையில் கனகரத்தினம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விபூதியைக்கூட மறைக்கவில்லை. அவர் மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடியும் மாட்டினார்.

“எழுத்திலை குடுத்தா எங்கட பக்கம் பிழை எண்டு வரும். தலைமை அலுவலகத்தைக் கேக்க வேணும்.”

“திங்கக்கிழமைக்குள்ள வேணும் சார். அந்தப் பொண்ணுக்கு வேலை போயிரும். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா…”

“மணியம்” என்றார், வழக்கமான அதே மெதுவான குரலில். “நீர் பார்த்தனீர். நான் பார்க்கேல்லையே.”

அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு பொய் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

சரி, பார்த்தவன் நான்தானே, நானே எழுதலாமே? எழுதலாம். பெயர், பணியாளர் எண், கையெழுத்து, முடிந்தது வேலை. ஆனால் அடுத்த மாதம் பிரியாவிடை விருந்துக்கு மண்டபம் பிடித்திருந்தார்கள். அந்த நேரத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால்? ஆயுத பூஜைக்கே தடை போட்டுவிட்டால் பையன்கள் என்னைத் திட்டுவார்களே? இப்படி எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டு சனிக்கிழமை முழுவதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். முதல் கடிதத்தில் ‘எங்கள் பணியாளரின் கவனக்குறைவு’ என்று இருந்தது. இரண்டாவதில் ‘கம்பியில் இருந்த தூசி’ ஆனது. மூன்றாவதில் தூசியும் போய், ‘இணைப்பில் ஏற்பட்ட சிறு தடங்கல்’. நான்காவதில் ‘சுற்றுச்சூழல் காரணங்களால்’ என்று அழகாக வந்துவிட்டது. வெயிலையே குற்றவாளி ஆக்கிவிட்டேன்.

என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே அதை வாங்கிப் படித்தாள்.

“இதுல நீங்க எங்க இருக்கீங்க?” என்றாள்.

“நான் எதுக்கு இருக்கணும்?”

“அப்ப இத அந்தப் பொண்ணு யார்கிட்ட காட்டி என்ன பண்ணும்? வெயில் கையெழுத்துப் போடுமா?”

நாலையும் கிழித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவதை எழுதினேன். உள்ளது உள்ளபடி, என் பெயரோடு. அப்போதே அனுப்பியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை சாரிடம் சொல்லிவிட்டு அனுப்பலாம், முறை என்று ஒன்று இருக்கிறதே என்று நினைத்தேன். திங்கள் காலையில் சார் ஜொகூர் பாருவுக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். கைப்பேசியை அணைத்து வைத்திருந்தார். பன்னிரண்டு மணி வரை பார்த்தேன். ஒரு மணி வரை பார்த்தேன். இரண்டு வீட்டுக்குப் போய் லைன் பார்த்துவிட்டு வந்தேன். நான்கு மணிக்கு, இனி எவனிடம் கேட்டால் என்ன என்று கடிதத்தைப் படம் எடுத்து ரோகிணிக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. “தேங்க்ஸ் அங்கிள். மூணு மணிக்கே முடிஞ்சிருச்சு.”

அந்தக் கடிதத்தை அவள் அதற்குப் பிறகும் அனுப்பிப் பார்த்தாள். முடிவு எடுத்தாகிவிட்டது, எதிர்காலத்துக்கு வாழ்த்துகள் என்று பதில் வந்ததாம். எனக்கு விளக்கம் கேட்டு எந்தக் கடிதமும் வரவில்லை. நான் எழுதியதை அலுவலகத்தில் ஒருவர்கூடப் படிக்கவில்லை. அதற்காகத்தான் நான்கு நாள் பயந்து செத்திருக்கிறேன். பிரியாவிடை விருந்து பிரமாதமாக நடந்தது. கனகரத்தினம் சார் பேசும்போது, மணியம் எதையும் நேரில் பார்க்காமல் எழுத மாட்டார் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் எழுந்து நின்று கும்பிட்டேன்.

ரோகிணி சிங்கப்பூரில் பழைய வேலைக்கே திரும்பிவிட்டாள். ரெங்கத்திலிருந்து தினமும் போய் வர முடியாது. ஜொகூர் பாருவில் நாலு பெண்களோடு ஓர் அறை எடுத்துத் தங்கி, விடிவதற்கு முன் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய், சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வருகிறாள். பகலில் அடுத்த வீட்டு அம்மா இரண்டு வேளை எட்டிப் பார்த்துச் சோறு வைக்கிறார். நான் ஓய்வுபெற்ற மறுமாதம் அவள் கூப்பிட்டாள். திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, திட்டட்டும் என்று தயாராகவே எடுத்தேன்.

“அங்கிள், அப்பா ரூம்ல ஒரு கேமரா போடணும். வேலை எடத்துலேர்ந்து போன்ல பாக்கறதுக்கு. மோடத்த எங்க வச்சா நல்லா வரும்?”

ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். சுவர்ப்பெட்டியைப் பெயர்த்து நிழல் பக்கம் மாற்றினேன். கம்பியை மாற்றி, மூக்கைப் பார்த்து, துடைத்து, மறுபடியும் பார்த்தேன். கேமராவைக் கட்டிலுக்கு நேரே பொருத்தினேன். அவள் அப்பா என்னோடு நன்றாகப் பேசினார், தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்கச் சொன்னார். ரோகிணி கூலி எவ்வளவு என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, இப்போது வேன் இல்லை என்பதை மறந்து அதைத் தேடிக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவில் நின்றேன்.

மறுநாள் மதியம் சிங்கப்பூரிலிருந்து அழைத்தாள். உணவு இடைவேளையாம்.

“லைன் இப்ப சூப்பரா இருக்கு அங்கிள். ஒரு தடவகூட அறுந்து போகல. அப்பா காலைலேர்ந்து கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. நல்லா தெளிவா தெரியுது.”